தோணி எந்தக் கரையில்

கண்ணைத் திறக்கக்கூடாது. அவ்வளவுதான். சொட்டு மருந்து இரண்டாம் தடவை விட்டாயிற்று, இன்னும் ஒரு தடவை உண்டு, கண்மணி நன்றாக விரிந்தால்தான் டாக்டர் உள்ளே பார்ப்பார், அதுவரை மூடிக்கிட்டே இருங்க ஐயா என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போய்ப் பத்து நிமிஷம் இருக்கும். ஐந்தாகவும் இருக்கலாம். கண்ணை மூடினால் நேரம் பிடிபடவில்லை. சர்வேயர் குற்றாலலிங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. முப்பத்தாறு வருஷம் சங்கிலி போட்டு நிலம் அளந்த மனுஷன். அளவுக்கு அடங்காத எதுவும் அவருக்கு ஆகாது. "மணி என்னட்டீ?" என்றார். பக்கத்தில் இருந்த பெண்டாட்டி பகவதி, "இப்பத்தான கேட்டீய. பதினொண்ணு ஆகப் போகுது. எங்க போகணும் இப்ப, கலெக்டர் கூப்பிட்டிருக்காரா?" என்றாள். பன்னிரண்டு மணிக் கெடுவுக்கு இன்னும் ஒரு மணி நேரம். சட்டைப் பையில் போன் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. அது ஒருதரம் அதிர்ந்தது. யாரோ எதையோ எழுதியிருக்கிறார்கள். மைமூனாக இருக்கும். வேறு யாராவதாகவும் இருக்கலாம், நாற்பத்து மூன்று பேர் இருக்கிற குழு, நாற்பத்து மூன்றில் ஒருவர் போக நாற்பத்திரண்டு, அந்த ஒருவர் போனது குழுவில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். போனை வெளியே எடுத்துக் கண்ணைத் திறந்தார். வெள்ளை. சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினாற்போல வெள்ளை, நடுவில் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. "கண்ணை மூடுங்க ஐயா!" என்று தூரத்திலிருந்து குரல் வந்தது. மூடினார். இந்தப் பிள்ளைகளுக்கு முதுகிலும் கண்.

மேழிநாடு என்று ஒரு நாடு. பூமியில் கிடையாது. நாற்பத்து மூன்று பேர் போனில் கூடி எழுதி எழுதி உண்டாக்கின நாடு. ஆளுக்கு ஒரு ஆளை எடுத்துக்கொள்வது. ஒருத்தர் குயவன், ஒருத்தி உப்பு விற்கிறவள், ஒருத்தர் படைத்தலைவன். என் ஆள் இன்று இன்னது செய்தான் என்று நான் எழுதுவேன், அதைப் பிடித்துக்கொண்டு உன் ஆள் இன்னது சொன்னான் என்று நீ எழுதுவாய். ஆட்டம் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் பகவதியின் தங்கை மகள் வந்து, பெரியப்பா, ஒரு மேப் மட்டும் போட்டுத் தாங்க, எங்க ஆளுக வழி தெரியாம முட்டிக்கிடுதாங்க என்றாள். போனால் போகிறதென்று வாங்கிப் பார்த்தார். பார்த்தால், ஆறு கடலில் பிறந்து மலை ஏறுகிறது. ஒருத்தன் அரைநாள் நடந்த தூரத்தை இன்னொருத்தி கூடையோடு கால்மணியில் போய்விடுகிறாள். மூன்று வருஷம் முன்னே செத்த ராசா கல்யாணத்தில் பந்தி விசாரிக்கிறான். அவருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என்னல இது, மூளை இருக்கா உங்களுக்கு, தண்ணி எப்பிடில மேட்டுக்குப் போகும் என்று குழுவில் எழுதின முதல் வரியே அதுதான். விலகிப்போய்விடுவார்கள் என்று நினைத்தார். அவர்களோ, ஐயா நீங்களே சொல்லுங்க, எப்படிப் போகும் என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டவன் அவர் ஆபீசில் ஒருத்தன் இல்லை. நாலு மாதம் உட்கார்ந்தார். மலையை எங்கே வைப்பது, மழை எந்தப் பக்கம் விழும், வேயாறு எந்த மாதம் நிறையும் எந்த மாதம் மணல் தெரியும், யார் பிறந்தது எப்போது, செத்தது எப்போது, எல்லாவற்றையும் கிராமக் கணக்குப்போல ஒரே நோட்டில் ஏற்றினார். விதி எழுதினார். முதல் விதி: ஒருத்தர் ஆளை இன்னொருத்தர் எழுதக்கூடாது. இரண்டாவது: ஒருத்தரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு மூன்று நாள் பதில் இல்லையென்றால், அந்த ஆள் போனவர், அவர் கதி என்ன என்பதைக் கூப்பிட்டவர் எழுதலாம். முதல் விதியை மீறினான் என்று ஈரோட்டுக்காரர் ஒருவரை அவரே விரட்டினார். என்ன பெரிய மீறல்? குயவன் அழுதான் என்று ஒரு வரி எழுதிவிட்டார். குயவன் அவர் ஆள் இல்லை. ஒரு வரி. வெளியே போம் என்றார் சர்வேயர். போனார் அந்த மனுஷன், மறுவார்த்தை பேசாமல். பல்லைக் கடித்தார் குற்றாலலிங்கம். ஒரு வரிக்கு அவன் என்றால் பதினெட்டுப் பதிவுக்கு நான் என்ன?

பெஞ்சில் அந்தப் பக்கம் ஒரு கனத்த ஆள் வந்து உட்கார்ந்தார். பலகை இறங்கி ஏறியது. "கண்புரையா அண்ணாச்சி?" என்றது குரல். "ம்." "எனக்கும் அதுதான். அம்பாசமுத்திரத்துலேருந்து காலையில அஞ்சுமணி பஸ்ஸு. நேத்தே வந்திருக்கலாம், மருமக விடல." "ம்." பேசாதவரிடம் பேசுகிற ஆட்கள் உலகத்தில் உண்டு. குழுவில் தங்கையாவும் அப்படித்தான். ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வுபெற்றவன், வடக்கே கல்யாண் என்ற ஊரில் வீடு, இந்தப் பக்கத்து ஆள்தான், நாசரேத்துக்காரன், ஒருதரம்கூட நேரில் பார்த்ததில்லை. அவன் ஆள் பூமாலை, வேயாற்றில் தோணிக்காரன், ஒரு கால் விந்தி நடப்பான், வாய் ஓயாது. கிழக்குக் கரையில் ஆளேற்றி மேற்குக் கரையில் இறக்குவான். சரி. மத்தியானம் மறுபடியும் கிழக்குக் கரையில் ஆளேற்றுவான். தோணி எப்படிடா அங்கே வந்தது? நீ மேற்கே அல்லவா கட்டினாய்? சர்வேயர் கீழே குறிப்பு எழுதுவார்: தோணி மேற்குக் கரையில் இருக்கிறது, கிழக்கில் ஏற முடியாது, திருத்தவும். உடனே தங்கையா எழுதுவான்: காத்து அடிச்சுக் கொண்டாந்துட்டுவே. மறுநாள் இன்னொன்று. ஒரு பாறை நகர்ந்து வழிமறித்தது என்பான். திருத்தவும். ஒரு முதலை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தது என்பான். வேயாற்றில் முதலை கிடையாது, நோட்டில் இல்லை, திருத்தவும். குழுவே சிரிக்கும். இன்றைக்குத் தோணி எந்தக் கரை என்று பந்தயம் கட்டினார்கள் சனியன்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அவரே கேட்டுவிட்டார், ஏம்வே, முப்பத்து மூணு வருஷம் தண்டவாளம் மாத்துன ஆளு, இந்த ஒரு தோணியை ஒழுங்கா ஒரு கரையில வைக்க முடியலையா உமக்கு? அந்தப் பக்கம் சிரிப்பு. இருமல், பிறகு சிரிப்பு. "வே சர்வேயரே, அங்க நான் ஒரு தப்பு பண்ணிருந்தா ஆளு செத்திருக்கும். ராத்திரில்லாம் தூக்கத்துல எந்திரிச்சுப் போயி லீவரப் பாத்திருக்கேன். இங்க தப்பு பண்ணுனா என்ன? நீரு வைவீரு. அவ்வளவுதான? எனக்கு அது போதும்வே." தங்கையாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகு, அவன் போனில் சொல்லச் சொல்ல, அவன் கணக்கில் நுழைந்து அவரே தட்டச்சிட்டுப் போடுவார். தப்போடு போடுவார், ஒரு எழுத்து மாற்றாமல். பிறகு தன் கணக்குக்கு வந்து கீழே எழுதுவார், திருத்தவும். இரண்டு பேரும் போனை வைக்காமல் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார், மூக்கால் ஒரு சத்தம் விடுவார், சிரிப்பில் சேர்த்தி.

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை தங்கையாவின் மகன் கூப்பிட்டான். "அங்கிள், அப்பா இறந்துட்டாங்க. ஹார்ட். கடைசியா பேசுன நம்பர் உங்களது." அவர் என்ன சொன்னார்? சரி என்றார். சரி. வேறொன்றும் இல்லை. எப்போது, எப்படி, அடக்கம் என்றைக்கு, ஒன்றும் கேட்கவில்லை. வைத்துவிட்டார். தண்ணீர் குடித்தார். போனைத் திறந்தால் குழுவில் கல்யாண வீடு, குயவன் மகளுக்கு, பெண்ணும் பெண் வீட்டாரும் வேயாற்றுக் கிழக்குக் கரையில் வந்து நிற்கிறார்கள், மேளத்தோடு. ஆறேழு பேர் அவரவர் ஆளாக எழுதிக்கொண்டு நிற்கிறார்கள், பூமாலை, பூமாலை, முகூர்த்தம் தப்புது, தோணியக் கொண்டா என்று. சந்தோஷமாக இருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு எப்படி எழுதுவது, தோணிக்காரன் செத்துப்போனான் என்று? இந்த ஒரு தடவை என்று நினைத்தார். அவன் கணக்கில் நுழைந்தார். பூமாலை வந்தான், ஏற்றினான், கடத்திவிட்டான். கல்யாணம் நடந்தது. பிறகு உப்புக்காரி நாச்சிக்குப் பிள்ளைவலி நடுஆற்றில். பிறகு இரண்டு ஊர்ப் பெரியவர்களும் தோணியில் உட்கார்ந்து வெட்டுக்குத்து வேண்டாம் என்று கைகொடுத்தது. ஒன்றின்மேல் ஒன்று. எட்டு மாதத்தில் பதினெட்டு. அதன்மேல் மற்றவர்கள் எழுதினது முந்நூறுக்குக் குறையாது. அடிக்கல்லை உருவினால் சுவரில் எது நிற்கும்? அந்தப் பெண் கல்யாணச் சேலையோடு கிழக்குக் கரையிலேயே நிற்க வேண்டியதுதான். அந்தப் பிள்ளை பிறக்கவே இல்லை என்றாகும். காவலுக்கு என்று அவரை வைத்தார்கள், அந்தக் காவல்காரனே சுவரில் கன்னம் வைத்தான். கால் ஆடியது. பகவதி முட்டியில் ஒரு தட்டு தட்டினாள். "பெஞ்சே ஆடுது. பயமா இருக்கா? அதெல்லாம் வலிக்காதாம்." "எனக்கு என்ன பயம்." "அப்ப ஆட்டாம இருங்க."

மைமூன் கண்டுபிடித்துவிட்டாள். காயல்பட்டினத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாச்சி அவள் ஆள். மூன்று நாள் முன்னால் அவருக்குத் தனியாக ஒரு செய்தி போட்டாள். "ஐயா, எட்டு மாசமா பூமாலை ஒரு தப்புகூடப் பண்ணல. நான் முதலேருந்து எடுத்துப் பாத்தேன். தோணி ஒவ்வொரு தடவையும் சரியான கரையில நிக்குது. தங்கையா அண்ணன் நல்லா இருக்காங்களா?" அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அதே பொழுதில் குழுவிலும் எழுதினாள், நாச்சி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிழக்குக் கரையில் வந்து நின்று பூமாலையைக் கூப்பிட்டாள் என்று. கிழக்குக் கரையில். போன பதிவில் பூமாலை ஆடுகளை மேற்குக் கரையில் இறக்கிவிட்டுப் புங்கமரத்தில் தோணியைக் கட்டினான். எழுதினவர் அவர்தானே, தெரியாதா? வேண்டுமென்றே எதிர்க்கரையில் நிற்கிறாள். பூமாலை மேற்கே அவிழ்த்து, ஆற்றைக் கடந்து வந்து ஏற்றினால், எழுதுகிறவர் சர்வேயர். பின்னாலேயே நின்றுகொண்டிருந்தவன்போலத் திரும்பி, ஏறு நாச்சி என்றால், எழுதுகிறவன் தங்கையா. கணக்கு டீச்சர் போட்ட கணக்கு. கெட்டிக்காரி. அவளுக்கு விடை தெரியும், ஆனாலும் கேட்கிறாள். அதுதான் உறுத்துகிறது. இன்று மத்தியானம் பன்னிரண்டோடு மூன்று நாள். பதில் இல்லையென்றால் பூமாலை போனவன். ஆற்றோடு போனான் என்று எழுதுவாளா, தூங்கினவன் எழுந்திருக்கவில்லை என்று எழுதுவாளா? அவளுக்கு அந்த உரிமை உண்டு, கொடுத்தவரே அவர்தான்.

நேற்றுக் காலையில் எழுதிப் பார்த்தார். பூமாலை கிழக்குக் கரை மணலில் படுத்திருந்தவன் எழுந்து துண்டை உதறினான். ஒரு தப்பு. ஒரே ஒரு தப்பு. அது போதும், அவள் நம்பிவிடுவாள், நம்பாவிட்டாலும் வாயை மூட வேண்டியதுதான். கட்டைவிரல் அனுப்புகிற இடத்துக்குப் போனது, போய், தானாகத் திரும்பி வந்து ஒவ்வொரு எழுத்தாக அழித்தது. இன்னொன்று எழுதினார். அதுவும் அழிந்தது. முதலை வரட்டுமா? முதலை எழுதினார். முதலை செத்த முதலையாக இருந்தது. தப்பு என்று தெரிந்தே பண்ணினால் அது தப்பா? அவன் பண்ணினதெல்லாம் தோணியை மறந்து, ஏறுகிற ஆளிடம் பேச்சுக் கொடுக்கிற ஆசையில் பண்ணினது. ஆளைப் பார்த்தான், கரையைப் பார்க்கவில்லை. எனக்குக் கரைதான் தெரிகிறது, எப்போதும் கரைதான். எட்டு மாதமாக அந்தப் பூமாலை யாரையாவது சிரிக்கவைத்தானா? ஏற்றினான், இறக்கினான், கட்டினான். அரசாங்க உத்தியோகம் பார்த்தான். பூமாலை போன மாசியிலேயே செத்தாயிற்று, நான் அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு துடுப்பை வலிக்கிறேன், எத்தனையோ பேர் ஏறி இறங்குகிறார்கள், ஒருத்தருக்கும் பேச்சுத் துணை இல்லை. நர்ஸ் வந்து இமையைத் தூக்கினாள். சில்லென்று மூன்றாவது சொட்டு. "இன்னும் இருபது நிமிஷம்" என்றாள். போன் அதிர்ந்தது. மறுபடியும் அதிர்ந்தது. நிற்காமல் அதிர்ந்தது.

"ஏட்டி," என்றார், "இதப் படி." பகவதி போனை வாங்கினாள். நாலு வருஷத்தில் அவர் அவளிடம் அதைக் கொடுத்ததே இல்லை. கண்ணாடியைத் தேடி மாட்டுகிற சத்தம். "மைமூன்னு போட்டிருக்கு. நாச்சி இன்னும் கரையில்தான் நிற்கிறாள். வெயில் ஏறுகிறது. பிள்ளை அழுகிறது." நிறுத்தினாள். "யாரு இந்த நாச்சி?" "உப்பு விக்கிறவ." "எந்த ஊர்ல?" "ஊரு கெடையாது." "இல்லாத ஊர்ல உப்பு விக்கிறவளுக்குப் பிள்ள எப்பிடி வந்துச்சு? அவ எதுக்கு உங்களக் கூப்பிடுதா?" "என்னைய இல்லட்டி. தோணிக்காரன." அம்பாசமுத்திரத்துக்காரர் பெஞ்சில் நகர்ந்து வந்தார். "எந்த ஆத்துல தோணி அண்ணாச்சி? இப்பத்தான் பாலம் கட்டிட்டான்ல எல்லா எடத்துலயும்?" சர்வேயர் பகவதி பக்கம் திரும்பினார். "அடுத்ததப் படி." "அடுத்தது யாரோ ஒருத்தர், பூமாலை அண்ணே ஓடி வாங்கன்னு போட்டிருக்காரு. அதுக்கு அடுத்தது உங்களுக்கு. சர்வேயர் ஐயா, பூமாலை வரலைன்னா விதிப்படி நாங்க என்ன செய்யணும், நீங்கதான் சொல்லணும்." விதிப்படி. மணி கேட்டார். பதினொண்ணு நாப்பது. எதிரே யாரோ பேர் கூப்பிட்டார்கள், அவர் பேர் இல்லை. "எழுது," என்றார். "எனக்கு வேகமா வராது." "வந்த மட்டும் எழுது. தங்கையா செத்துப்போனார்."

விரல் தட்டுகிற சத்தம் நின்றது. "எந்தத் தங்கையா? கல்யாண்ல இருக்காரே, ஞாயித்துக்கிழமை பேசுவீயளே, அவரா?" "ஆமா." "எப்போ?" "மாசியில." அவள் மனதுக்குள் மாதத்தை எண்ணுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. "இது ஐப்பசில்ல? பெறகு ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம மாடியில போயி யாருகிட்ட பேசுனீய?" "பேசல. உக்காந்திருந்தேன்." திட்டுவாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தார். அவள், "மேல சொல்லுங்க" என்றாள். சொன்னார். துண்டு துண்டாகத்தான் வந்தது. மாசிக்குப் பிறகு பூமாலை பேரில் வந்த பதினெட்டும் நான் எழுதினது. முதல் விதியை நான் மீறினேன். ஈரோட்டுக்காரரைத் திரும்பக் கூப்பிடவும். அந்தப் பதினெட்டும் இருக்கட்டுமா, போகட்டுமா என்று மிச்சம் நாற்பத்தோரு பேரும் பேசிச் சொல்லவும். இந்த இடத்தில் நின்றது. நான் தீர்ப்பு சொல்லமாட்டேன் என்று ஒரு வரி தேவை. ஆற்றையும் மலையையும் மழையையும் தீர்த்துவைத்த ஆள். "மேல?" என்றாள். "நான் சொல்லமாட்டேன்னு போடு." "என்னத்த?" "அதேதான். நான் சொல்லமாட்டேன்." போட்டாள். "இன்னும் ஒண்ணு. தோணி எந்தக் கரையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. முடிஞ்சது." அவள் முழுவதையும் ஒருதரம் படித்துக் காட்டினாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாசிக்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்தி. தன் குற்றத்தைப் பெண்டாட்டி வாயால் ஆஸ்பத்திரி பெஞ்சில் கேட்கிறது கசப்பாகத்தான் இருந்தது, ஆனால் நேராக இருந்தது. "அனுப்பவா?" "அனுப்பு." அனுப்பினாள்.

போன் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தது. பிறகு அதிர ஆரம்பித்தது, ஒன்று, இரண்டு, எண்ணினார், ஏழுக்கு மேல் எண்ணுவதை விட்டார். "படிக்கவா?" "வேண்டாம்." வைகிறார்களோ அழுகிறார்களோ, நாற்பத்தோரு பேர், அது அவர்கள் நாடு. நாச்சியின் பிள்ளை இருக்குமா? மைமூன் விடமாட்டாள். விட்டாலும் விடுவாள், அவளுக்கும் கணக்குதான் பெரிது, அவர்தானே சொல்லிக்கொடுத்தார், சே. கால் மறுபடியும் ஆட ஆரம்பித்திருந்தது. பகவதி இந்தத் தடவை தட்டவில்லை. "அவரு வீட்டம்மா பேரு என்ன?" என்றாள். "யாரு வீட்டம்மா?" "தங்கையா வீட்டம்மா. இருக்காகல்லா?" இருக்கிறாள். இருக்க வேண்டும். போனில் பின்னால் குரல் கேட்டிருக்கிறது, டீ ஆறுது என்று, போதும் சிரிச்சது, இருமல் வரும் என்று. பூமாலையின் பெண்டாட்டி பேர் தெரியும், அவள் அம்மை பேர் தெரியும், அவள் பிறந்த ஊர் வேயாற்றிலிருந்து எத்தனை சங்கிலி தூரம் என்று தெரியும், நோட்டில் ஏற்றியிருக்கிறது, இருபத்தேழாம் பக்கம். இந்த அம்மாள் பேர்? மூடின கண்ணுக்குள்ளே தேடினார். இருட்டுகூட இல்லை, ஒரு மாதிரி செம்மண் நிறம். "தெரியாது" என்றார். "நாலு வருசம்," என்றாள் பகவதி. விரல் போனில் தங்கையா பேரைத் தேடித் தட்டியது. பிறகு போனை அவர் காதோடு வைத்து அழுத்தினாள். மணி போய்க்கொண்டிருந்தது. "என்னட்டி இது, என்ன பேசச் சொல்லுத, இப்ப டாக்டர் கூப்பிட்டுருவாரு..." மணி நின்றது. பின்னால் எங்கேயோ ரயில் போகிற இரைச்சல், அதற்கு முன்னால் ஒரு பெண்குரல், வயசான குரல், "ஹலோ, யாருங்க?" என்றது. குற்றாலலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். துக்கம் விசாரிக்கத் தெரியாது அவருக்கு, ஆறுதல் சொல்லவும் வராது.

"தாயி," என்றார், "உங்க பேரு என்ன?"